பந்தயப் பணம் கட்டாமல் மகாலக்ஷ்மி ரேஸ் மைதானத்தில் ஒரு நாள் கழிக்க முடியுமா?

செம்பூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்போது வயது 71. ஜனவரி மாதக் கடைசியில், எங்களோடு மூன்று வாரம் தங்குவதற்காக மும்பைக்கு வருகிறார். கோயில், கடற்கரை, அருங்காட்சியகம் என்று எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர், "மகாலக்ஷ்மியில் குதிரை ஓடுமாமே?" என்று மட்டும் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டுவிட்டார். பணியில் இருந்த காலத்தில், பந்தய நாட்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்காகக் கிண்டி மைதானத்துக்கு வெளியே குதிரையோடு நின்றிருக்கிறார். மதிலுக்கு அப்பாலிருந்து குளம்போசை வரும்போதெல்லாம், தாம் ஏறியிருந்த குதிரை காதுகளை நிமிர்த்திக்கொண்டு உடல் விறைத்து நின்றதை இன்றைக்கும் சொல்வார். ஆனால் உள்ளே சென்று ஓர் ஓட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அவருக்குச் சூதாட்டம் அறவே பிடிக்காது. எங்கள் வீட்டில் எவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. பந்தயப் பணம் எதுவும் கட்டாமல், குதிரைகளைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒரு முழுப் பகலை அங்கே கழிக்க இயலுமா? பிப்ரவரியில் நடக்கும் டெர்பி என்ற பெரிய பந்தய நாளன்று போவது நல்லதா, அல்லது சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதுமா? எந்த இடத்தில் நின்றால் குதிரைகளை அருகில் பார்க்கலாம்? என் மகனுக்கு வயது பதினொன்று. தாத்தாவோடு தானும் வருவேன் என்கிறான். இன்னொன்றையும் மனத்தில் வைத்தே கேட்கிறேன். குதிரைகளைப் பிள்ளைகளைப் போல் வளர்த்தவர் அவர். அங்கே அவற்றை அடித்துத் துன்புறுத்துவதைப் பார்த்து மனம் நொந்து திரும்பும்படி ஆகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

தாதர்க்காரன்:

தாராளமாக முடியும். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருபவரிடம், பணம் கட்டினீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே போய்வருகிறேன். அவற்றுள் பெரும்பாலான நாட்களில் ஒரு ரூபாயும் கட்டாமல் திரும்பியிருக்கிறேன். ஆயினும், ஓட்டத்தை மட்டும் பார்க்கலாம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1,200 மீட்டர் பந்தயம் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பிற்பகலில் ஏழெட்டு பந்தயங்கள் நடந்தாலும், குதிரைகள் உண்மையில் ஓடும் நேரத்தையெல்லாம் கூட்டினால் கால் மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரத்தில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அது ஒரு நாள். தெரியாதவருக்கு அது நீண்ட காத்திருப்பு.

ஆகவே முதலில் பேடக்கைச் சொல்கிறேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் இடையில் ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கும். அந்த இடைவேளையில், அடுத்து ஓடவிருக்கும் குதிரைகளைச் சேணம் பூட்டிக் கொண்டுவந்து, வேலி போட்ட ஒரு வட்டப் பாதையில் சுற்றி நடத்துவார்கள். அதற்குத்தான் பேடக் என்று பெயர். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவரைச் சைஸ் என்பார்கள். அந்தக் குதிரைக்குத் தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அவர்தான். சில நிமிடங்களில், குதிரையை ஓட்டும் ஜாக்கிகள் வண்ணச் சட்டைகளோடு வந்து ஏறிக்கொள்வார்கள். அந்தச் சட்டையின் நிறமும் கோலமும் ஜாக்கிக்கு உரியவை அல்ல. குதிரையின் உரிமையாளர் பெயரில் பதிவு செய்யப்பட்டவை. உங்கள் மாமனாரைப் போன்ற ஒருவருக்கு அந்த வேலியோரம்தான் மைதானத்திலேயே சிறந்த இடம். கைக்கெட்டும் தொலைவில் அல்ல என்றாலும், மூச்சு விடும் ஓசை கேட்கும் தொலைவில் குதிரை கடந்து போகும்.

ஜாக்கிகள் ஏறிய உடனே நீங்கள் அங்கிருந்து புறப்பட்டு ஓடுபாதையின் வேலிப் பக்கம் வந்துவிடுங்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தால் முழு வட்டமும் தெரியும் என்பது உண்மைதான். 2,400 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் மறுகோடியில் குதிரைகளை நிறுத்தி ஓட்டத்தைத் தொடங்கும் கதவுப் பெட்டிகள் திறப்பதும், வண்ணப் புள்ளிகள் ஒரு திரளாக நகர்வதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் கடைசி வளைவைத் தாண்டி நேர்பாதைக்குள் குதிரைகள் நுழையும்போது, வேலியோரம் நிற்பவருக்கு முதலில் வந்து சேர்வது காட்சியன்று. காலின் கீழே தரையில் ஓர் அதிர்வு வரும். அதன் பிறகு ஓசை. அதன் பிறகுதான் குதிரைகள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், அரை டன் எடையுள்ள பத்துப் பன்னிரண்டு உயிர்கள் கண்ணெதிரே கடப்பதைத் தொலைக்காட்சி ஒருபோதும் காட்டியதில்லை.

டெர்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்திய டெர்பி பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடப்பது. 1943இல் முதன்முதலாக நடந்தபோது பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரை வென்றது. நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே 2,400 மீட்டர் தூரத்துக்கு ஓடும் பந்தயம் என்பதால், எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அன்றைக்கு வரும் குதிரைகள் நாட்டிலேயே மேலானவை. ஆனால் வரும் கூட்டமும் அப்படியே. பேடக் வேலியில் நான்கு வரிசை ஆட்கள் நிற்பார்கள். 71 வயதுக்காரரை அதில் நிறுத்துவது சரியன்று. முந்தைய ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் பிடித்துப்போனால் டெர்பிக்கு மாடத்தில் இருக்கைச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம்.

மைதானம் 1883இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக் கால்ஃபீல்ட் மைதானத்தை மாதிரியாகக் கொண்டு அமைத்தார்கள். மாடங்கள் பாரம்பரியக் கட்டடங்களாக அறிவிக்கப்பட்டவை. இரும்பும் மரமுமான அந்தக் கூரைகளையும் நின்று பாருங்கள். பந்தயப் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் பந்தயங்கள் புனேவுக்குப் போய்விடும். செம்பூரிலிருந்து தாதர் வந்து, மேற்கு ரயில் பாதையில் மெதுவண்டி ஏறி மகாலக்ஷ்மியில் இறங்குங்கள்; விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பணம் கட்ட அனுமதி கிடையாது. சிறுவர்களை எந்தப் பகுதிக்குள் விடுவார்கள், கேமராவும் கைபேசியும் கொண்டுபோகலாமா என்பவற்றை மட்டும் புறப்படும் முன் கிளப் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ரேஸ் புக் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு குதிரையின் தாய் தந்தையர் பெயர், வயது, சுமக்கும் எடை, கதவு எண், கடந்த சில ஓட்டங்களில் பெற்ற இடம் எல்லாம் அதில் இருக்கும். அந்த எடைக் கணக்கைப் பையனுக்கு விளக்கிச் சொல்லுங்கள், விரும்பிக் கேட்பான். திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை, குறைந்ததற்குக் குறைவான எடை என்று வகுத்து, எல்லாம் சேர்ந்து முடிவுக் கம்பத்துக்கு வரும்படி செய்வதுதான் ஹேண்டிகேப் முறை. ஜாக்கி இலேசானவராக இருந்தால், சேணத்துக்குக் கீழே விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி எடையை ஈடு செய்வார்கள். ஓடும் முன்பும் ஓடிய பின்பும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். இரண்டாவது நிறுவை சரியாக இருந்தால்தான் முடிவு உறுதியாகும்.

குளம்படி:

நான் கால்நடை மருத்துவன். பதினோரு ஆண்டுகள் பந்தயக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்திருக்கிறேன். இப்போது வேறு பணியில் இருக்கிறேன். தாதர்க்காரன் அவர்கள் பேடக்கைப் பற்றிச் சொன்னதை முழுவதும் ஆமோதிக்கிறேன். அங்கே நின்று எதைப் பார்ப்பது என்பதைச் சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்கள் மாமனாருக்கு இவற்றில் பெரும்பாலானவை தெரிந்திருக்கும். உங்களுக்கும் மகனுக்கும் பயன்படலாம்.

நடையைப் பாருங்கள். நன்றாக நடக்கும் குதிரையின் பின்குளம்பு, அதே பக்கத்து முன்குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டிப் பதியும். இடுப்பு இறுக்கம் இல்லாத, தசைகள் தளர்ந்து இயங்கும் குதிரை இது என்பதற்கு அது ஓர் அடையாளம். காதுகள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தால், அது சுற்றுப்புறத்தைக் கவனிக்கிறது. பின்னால் ஒட்டிப் படிந்திருந்தால் சினம் அல்லது வலி. மும்பை வெயிலில் கழுத்தில் வியர்வை வருவது இயல்பு. ஆனால் பின்னங்கால்களுக்கு இடையில் வெண்ணுரை தள்ளியிருந்தால், ஓடுவதற்கு முன்பே பதற்றத்தில் பாதி வலிமையைச் செலவழித்துவிட்டது என்று பொருள். வாலைச் சுழற்றி அடித்துக்கொண்டே இருப்பதும் நல்ல குறி அன்று.

துன்பத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் அதை ஒட்டிச் செல்லும் நரம்புக் கயிறு போன்ற தசைநாண்களும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் உடலின் முழுச் சுமையும் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்தக் கணத்தில் அந்தக் கால் தாங்கும் விசை ஒரு டன்னுக்கும் மேல். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு என்று தாவலும் மூச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. வாயால் மூச்சுவிடவும் குதிரையால் முடியாது. நாடித்துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை இருப்பது, ஓட்டத்தின் உச்சத்தில் 220ஐத் தாண்டுகிறது. இப்படி எல்லைவரை இழுத்துக் கட்டிய ஓர் உடலில், எப்போதாவது ஓர் எலும்பு முறிவது தவிர்க்க முடியாததாகிறது. முறிந்தால் பெரும்பாலும் அந்தக் குதிரையைக் காப்பாற்ற முடிவதில்லை. மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க அதன் உடல் இடம் தராது; மற்ற மூன்று கால்களில் நின்றால், சுமை தாங்கும் காலின் குளம்புக்குள் அழற்சி தோன்றி அதுவும் கெட்டுவிடும். மறைப்புத் துணியை விரித்துக்கொண்டு ஆட்கள் ஓடுவதைப் பார்த்தால் அதற்குப் பொருள் இதுதான். எல்லா நாளும் நடப்பதில்லை. என்றாலும், நடக்கவே நடக்காது என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் இயலாது.

சாட்டைக்கு இப்போது கட்டுப்பாடு உண்டு; மிகுதியாக அடித்தால், பந்தயத்தைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகள் ஜாக்கியை விசாரித்துத் தண்டிப்பார்கள். ஆனாலும் கடைசி இருநூறு மீட்டரில் சாட்டை எழும்; உங்கள் மாமனார் அதைப் பார்ப்பார். பந்தயத்துக்குப் பிறகு குதிரைகளைக் கவனிக்கும் முறை அவருக்கு ஆறுதல் தரலாம். இறக்கிய உடனே சேணத்தைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி, மூச்சு சீராகும் வரை நடத்திக்கொண்டே இருப்பார்கள். வென்ற குதிரையிடமிருந்து ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுப்பார்கள்.

இன்னொரு செய்தி. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியாக ஆயிரக்கணக்கான குதிரைகளை விலைகொடுத்து வாங்கும் அரசர்கள் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் சாகவிடுகிறார்கள் என்றும், லாடம் அடிப்பவரே அங்கு இல்லை என்றும் எழுதிவைத்தார். குதிரையைப் பேணுவது தனியான கல்வி; அதைக் கற்ற ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் சொல்வதைப் பையன் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும்.

பழைய ஆசிரியை:

மேலே எழுதிய இருவரும் குதிரையை நேசிப்பவர்கள் என்பது தெரிகிறது. எனக்கும் குதிரைமேல் பகை கிடையாது. ஆனாலும் பதினொரு வயதுச் சிறுவனை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்வது குறித்து ஒரு சொல் சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

என் தந்தை அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். யாருக்கும் தீங்கு நினையாதவர், குடிப்பழக்கம் இல்லாதவர். அலுவலக நண்பர் ஒருவரோடு "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று ஒரு நாள் போனவர், அடுத்த பதினான்கு ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். முதல் நாளே அவருக்கு நாற்பது ரூபாய் வந்தது. அன்றைய சம்பளத்தில் அது சிறிய தொகை அன்று. அந்த நாற்பது ரூபாயில்தான் எனக்குப் பச்சைப் பாவாடை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதை நெடுநாள் பெட்டியில் வைத்திருந்தார். அதன் பிறகு அம்மாவின் வளையல், பிறகு காதுத் தோடு, பிறகு தாத்தா எழுதிவைத்த இரண்டு ஏக்கர் நன்செய் என்று ஒவ்வொன்றாகப் போயின. அவர் ஒருபோதும் எங்களை அதட்டியதில்லை. சனிக்கிழமை இரவு சாப்பிட்ட பின் கூடத்தில் விளக்கடியில் உட்கார்ந்து, சிறிய பென்சிலால் அந்தப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஒரு கல்லூரித் தேர்வுக்குப் படிப்பவரைப் போல் அத்தனை கவனமாகப் படிப்பார். தோற்ற நாளில் தமக்குத் திறமை போதவில்லை, அடுத்த வாரம் இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும் என்றே நம்பினார். அந்த நம்பிக்கைதான் எங்களை அழித்தது.

எனவே, புத்தகம் வாங்கிக் கொடுத்து எண்களைக் குறிக்கச் சொல்லி மகனுக்குப் பழக்குவதை நான் ஏற்கமாட்டேன். பணம் இல்லாமல் ஊகித்துப் பார்ப்பது விளையாட்டாகத் தோன்றலாம்; ஊகம் பலிக்கும்போது வரும் மகிழ்ச்சிதான் அந்தப் பழக்கத்தின் வாசற்படி. தாத்தா பார்த்துவிட்டு வரட்டும், பேரன் வீட்டில் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

தாதர்க்காரன்:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். புத்தகத்தை மகனுக்கு விளக்கச் சொன்னது நான்தான் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எடைக் கணக்கை மட்டுமே மனத்தில் வைத்து அதை எழுதினேன். உங்கள் தந்தை விளக்கடியில் உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகு, ஊகித்து எண் குறிக்கும் விளையாட்டு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

பணம் கட்டுவது எப்படி இயங்குகிறது என்பதைச் சிறுவன் கேட்டால் மறைக்காமல் கணக்காகவே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். டோட் என்பது ஒரு பொது உண்டியல் போன்றது. நூறு பேர் தலைக்கு நூறு ரூபாய் கட்டினால் பத்தாயிரம் சேர்கிறது. அதில் வரியும் கிளப்பின் பங்கும் போக ஏழாயிரம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். வென்ற குதிரையின் மேல் இருபது பேர் கட்டியிருந்தால் ஆளுக்கு 350 ரூபாய். பிறர் தோற்ற பணத்தை எடுத்துத்தான் ஒருவருக்குக் கொடுக்கிறார்கள்; அதுவும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்ட பிறகு. வருமான வரிச் சட்டப்படி, பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வெற்றித் தொகையில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே கொடுப்பார்கள். 2023 அக்டோபர் முதல், கட்டும் முழுத் தொகையின் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்தார்கள். 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆயிற்று. இத்தனையும் கழிந்த பிறகு, ஆண்டு முழுவதும் கட்டுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இழப்பது திறமைக் குறைவால் அன்று, கூட்டல் கழித்தலால்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியோ நீதிமன்றம் வரை போனதுதான். தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பயிற்சியிலும் ஜாக்கியின் கையிலும் திறமை இருக்கிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் கவுண்டரில் வரிசையில் நிற்பவருக்கு அந்தத் திறமை எவ்வளவு உதவுகிறது என்பது வேறு கேள்வி. அங்கே உங்கள் தந்தையின் பதினான்கு ஆண்டுகளுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

கிண்டியைப் பற்றிச் செம்பூர்வாசியின் மாமனார் கேட்டால் இதையும் சொல்லுங்கள். 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை, 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து மைதானத்துக்கு முத்திரை வைத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், உதகை மைதானத்தின் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. மகாலக்ஷ்மியிலும் நிலம் சுருங்குகிறது; 211 ஏக்கரில் 120 ஏக்கர் மாநகராட்சியின் பூங்காவுக்கு என்று முடிவாகியிருக்கிறது. பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

செம்பூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. டெர்பிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானும் என் மாமனாரும் போய்வந்தோம். மகனை அழைத்துச் செல்லவில்லை. ஆசிரியை அம்மாவின் பதிலை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி விவாதிக்கவில்லை.

மாடத்தில் இருக்கை எடுத்திருந்தும், என் மாமனார் அதில் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. முதல் பந்தயத்திலிருந்து கடைசிப் பந்தயம் வரை பேடக் வேலியிலேயே நின்றார். ஜாக்கிகள் ஏறியதும் ஓடுபாதைக்கு நடப்பதும், ஓட்டம் முடிந்ததும் மீண்டும் பேடக்குக்கே திரும்புவதுமாக இருந்தார். ரேஸ் புக் வாங்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பெயரும் எண்ணும் தெரியாமலேயே ஒவ்வொரு குதிரையையும் காலிலிருந்து மேலே நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். காவல்துறையில் காலையில் குதிரைகளைச் சோதிப்பது அப்படித்தானாம், முதலில் குளம்பு, கடைசியில் முகம்.

நான்காவது பந்தயத்துக்கு வந்த செம்பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்றுக்கு, மருத்துவர் ஐயா சொன்னபடியே பின்னங்கால்களுக்கு இடையில் நுரை தள்ளியிருந்தது. "இவளுக்கு ஓட மனம் இல்லை. பயந்துபோயிருக்கிறாள். நான் என்றால் இன்றைக்கு லாயத்துக்கே அனுப்பிவிடுவேன்" என்றார். கதவுப் பெட்டிக்குள் நுழைய மறுத்து அது பின்வாங்கியதைத் திரையில் காட்டினார்கள். நான்கு பேர் பின்னாலிருந்து கைகோத்துத் தள்ளி உள்ளே விட்டார்கள். கடைசியாகத்தான் வந்தது. அது திரும்பி வரும்வரை நகராமல் நின்று, நொண்டவில்லை என்று கண்ட பிறகே அடுத்த இடத்துக்கு நடந்தார். சாட்டை எழுந்தபோதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேலியோரத்தில் அந்த அதிர்வு வந்ததை நானும் உணர்ந்தேன். முதல் முறை குதிரைகள் எங்களைக் கடந்து போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடந்து போய் வெகுநேரம் வரை விடவில்லை. பிறகுதான் சொன்னார். கிண்டி மதிலுக்கு வெளியே காது நிமிர்த்தி நின்ற அந்தக் குதிரை, அதே மைதானத்தில் நான்கு ஆண்டுகள் ஓடி, கால் தசைநாண் கெட்டதனால் காவல்துறைக்கு வந்து சேர்ந்த பெண் குதிரையாம். எட்டு ஆண்டுகள் இவர் அதன்மேல் ஏறியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளாகக் கதையைச் சொன்னவர், இந்தப் பகுதியை எங்களிடம் சொன்னதே இல்லை. "உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது" என்றார்.

ஏழாவது பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும், குதிரைகளை நடத்திச் செல்லும் சைஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களில் ஒருவர் நடந்துகொண்டே குதிரையின் நெற்றியைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டதைக் காட்டி, இது பழகிய குதிரை என்றார். டெர்பிக்கு வர விருப்பமில்லையாம். ஆனால் விடியற்காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பார்க்க முடியுமா என்று ரயிலில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. வெளியாட்களை அந்த நேரத்தில் உள்ளே விடுவார்களா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைத் தாதர்க்காரன் ஐயாவோ மருத்துவர் ஐயாவோ தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பணம் கட்டும் கவுண்டர் எதுவும் அந்த நேரத்தில் திறந்திராது என்றால், மகனையும் அழைத்துச் செல்லலாம் என்று என் மனைவி சொல்கிறாள்.